போலீஸ் 'நிக்குது', டாக்டர் 'நிக்கறாரு': ஒரு சொல்லப் பத்தி கொஞ்சம் விரிவா

போன மே மாசம் கோடை விழா பாக்கலாம்னு நானும் என் மச்சானும் பைக்ல ஏற்காடு கிளம்பினோம். கோரிமேடு தாண்டி அடிவாரம் நெருங்கும்போது எதிர்ல வந்த ஒருத்தர் லைட்ட ரெண்டு தடவ அடிச்சு வண்டிய ஸ்லோ பண்ணி, "முன்னாடி போலீஸ் நிக்குது தம்பி"னு சொல்லிட்டுப் போனார். பின்னாடி உக்காந்திருந்த மச்சான் மடியில வச்சிருந்த ஹெல்மெட்ட எடுத்து மாட்டிகிட்டான். செக்போஸ்ட்ல நின்னது இருபத்தஞ்சு வயசுகூட இருக்காத ஒரு கான்ஸ்டபிள். லைசென்ஸ பாத்துட்டு "மேல மழ பேஞ்சிருக்குண்ணா, வளைவுல வழுக்கும், பாத்துப் போங்க"னு சொன்னார், அவ்ளோதான். ஆனா இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கறவரைக்கும் என் மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருந்தது அந்த 'நிக்குது'ங்கற வார்த்தை தான்.

யோசிச்சுப் பாருங்க. டாக்டர் நிக்கறாரு, வாத்தியார் நிக்கறாரு, கண்டக்டர் வந்தாரு, போஸ்ட்மேன் வந்தாரு. போலீஸ் மட்டும் நிக்குது, வருது, புடிச்சிட்டுப் போயிருச்சு. நம்ம எல்லாருமே இப்படித்தான் பேசறோம், மரியாதை கொறச்சலா பேசறோம்னு யாரும் நெனச்சுப் பேசறதில்ல, வாயில தானா வருது.

இதுக்கு இலக்கணத்துல நேரான பதில் ஒண்ணு இருக்கு. போலீஸ்ங்கறது ஆளோட பேர் இல்ல, அமைப்போட பேர். கவர்மென்ட் குடுக்குது, பேங்க் கேக்குது, கோர்ட் சொல்லிருச்சுனு சொல்ற மாதிரி போலீஸ் வருது. அமைப்புனா அஃறிணை, சரி. ஆனா இந்தப் பதில் பாதி தூரம்தான் போகுது. ஒரு ஜட்ஜ் கார்ல இருந்து எறங்கினா 'கோர்ட் எறங்குது'னு யாரும் சொல்ல மாட்டாங்க, மேனேஜர் டீ குடிச்சா 'பேங்க் டீ குடிக்குது'னு சொல்ல மாட்டாங்க. காக்கி போட்ட ஒரே ஒரு ஆள் ரோட்டோரம் நின்னா மட்டும் மொத்த அமைப்பும் அங்க நிக்கற மாதிரி பேசறோம். அந்த ஆளோட மூஞ்சி, வயசு, பேரு எதுவும் நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல, யூனிஃபார்ம் தெரியுது.

மலையில இருக்கறவங்க இதே மாதிரி இன்னொண்ண சொல்வாங்க: "ஃபாரஸ்ட்டு வருது." ஆக அஃறிணை கெடைக்கறது எல்லா கவர்மென்ட் ஆளுக்கும் இல்ல. ரேஷன் கடைக்காரருக்குக் கெடைக்காது, வி.ஏ.ஓ.வுக்குக் கெடைக்காது. யூனிஃபார்ம்ல வந்து உன்னையோ உன் பொருளையோ எடுத்துட்டுப் போகக்கூடிய அதிகாரம் யாருக்கு இருக்கோ அவங்களுக்குத்தான். நான் கவனிச்ச வரைக்கும் இதுதான் கணக்கு.

ஆளா பாக்கணும்னா தமிழ் உடனே ஒரு ஒட்டு போட்டுக்கும். போலீஸ்காரர், போலீஸ்காரம்மா. பேப்பர்ல எழுதும்போது போலீசார். இந்த 'ஆர்' மரியாதையும் குடுக்கும், கூட்டத்தையும் காட்டும், அதனால 'போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்'ங்கற வரியில எத்தன பேரு, யாரு, எந்தப் பதவினு எதுவுமே தெரியாது. நாப்பது வருஷமா அந்த வரிய படிச்சிருப்போம், ஒரு ஆளக்கூட அதுல பாத்திருக்க மாட்டோம். இலங்கைத் தமிழ்ல குறில் போட்டு பொலிஸ், பொலிஸார்னு எழுதுவாங்க, உச்சரிப்பு தான் வேற, அந்த 'ஆர்' அங்கயும் இருக்கு.

இனி இந்தச் சொல் எங்க இருந்து வந்ததுனு பாக்கலாம். கிரேக்கத்துல பொலிஸ்னா நகரம். நகரத்த நடத்தற முறைக்கு பொலிட்டேயா, அது லத்தீனுக்குப் போய் பிரெஞ்சுக்கு வந்து அங்க இருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சு. பாலிடிக்ஸ், பாலிசி எல்லாம் அதே வேர். ஆக மொதல்ல அந்தச் சொல்லுக்கு அடி, புடி, லாக்கப் எதுவும் அர்த்தம் கெடையாது, ஊரு ஒழுங்கா நடக்கறது, தெரு சுத்தமா இருக்கறது, சந்தையில எடை சரியா இருக்கறதுனு நகர நிர்வாகம் மொத்தத்துக்கும் ஐரோப்பாவுல ஒரு காலத்துல போலீஸ்னுதான் சொன்னாங்க. கான்ஸ்டபிள் கதையும் அப்படித்தான். லத்தீன்ல அது லாயத்து அதிகாரி, குதிரைகளப் பாத்துக்கறவர்.

நம்ம ஊருக்கு அந்தச் சொல் வந்தப்ப வேற மாதிரி வந்துச்சு. சேலம் பக்கத்து ஆளுங்க இத தெரிஞ்சுக்கணும். 1792ல திப்பு கூட நடந்த உடன்படிக்கையில சேலமும் பாராமகாலும் (இன்னைக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) கம்பெனி கைக்குப் போச்சு. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ தாமஸ் மன்ரோவும் இங்க வந்து நிலத்த அளந்து ரயத்துவாரி வரி, அதாவது விவசாயிகிட்டயே நேரா வாங்கற வரி, போட்டாங்க. அந்த மன்ரோ யோசனைப்படி 1816ல மெட்ராஸ் மாகாணத்துல ஒரு ஏற்பாடு வந்துச்சு: கிராமத்துல மணியக்காரரும் தலையாரியும் போலீஸ் வேலையப் பாக்கணும், மேல தாசில்தாரும் கலெக்டரும். அதாவது வரி வசூல் பண்றவரும் திருடனப் புடிக்கறவரும் ஒரே ஆளு. விளைவு என்னனா, வரி கட்டாதவனுக்கும் திருடனுக்கும் ஒரே வைத்தியம். வெயில்ல குனிய வச்சு நிக்க விடறது, கிட்டி போட்டு விரல நசுக்கறது. 1855ல வந்த மெட்ராஸ் சித்ரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை இதையெல்லாம் பதிவு பண்ணியிருக்கு. 'கிட்டி' நம்ம தமிழ்ச் சொல்தான், அந்த இங்கிலீஷ் அறிக்கைக்குள்ள அப்படியே போயிருக்கு. நம்ம சொல் ஒண்ணு வெளிநாட்டுக்குப் போனது இந்த வழியிலனு நெனைச்சா மனசு கஷ்டமா இருக்கும்.

அந்த அறிக்கைக்கு அப்புறம்தான் வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரிச்சு 1859ல தனிச் சட்டம் போட்டு மெட்ராஸ் போலீஸ்னு சம்பளம் வாங்கற ஒரு படைய உருவாக்கினாங்க. ஆனா ஜனங்களுக்கு அது யாரோ வெளியில இருந்து அனுப்பின ஆளுதான், ஊர்ல இருந்து எழுந்த ஆளு இல்ல. சொல்லும் அதே மாதிரி வெளியில இருந்து வந்து வெளியாளாவே தங்கிருச்சு.

அதுக்கு முன்னாடி போலீஸ் இல்லாம இருந்தோமானா இல்ல, நெறைய பேரு இருந்துச்சு. கல்வெட்டுகள்ல பாடிகாவல்னு ஒரு வரி வரும், ஊரக் காக்கறதுக்கு ஊரு குடுத்த கூலி. பாளையக்காரங்க காலத்துல தலகாவல், தேசகாவல். திருட்டுப் போன மாட்டக் கண்டுபுடிச்சுக் குடுத்தா துப்புக்கூலி, இன்னைக்கு 'துப்பு கெடச்சுது', 'துப்பறியும்'னு சொல்றமே அதே துப்பு. முகலாயர், நவாபு வழியா கொத்தவால்னு நகரக் காவல் அதிகாரி வந்தாரு, மெட்ராஸ்ல கொத்தவால்சாவடினு மார்க்கெட் பேர்ல இன்னும் உக்காந்திருக்காரு. போலீஸ் ஸ்டேஷனுக்கு இந்துஸ்தானியில தாணா, நம்ம வாய்ல டாணா, அங்க இருந்து டாணாக்காரன். வயசானவங்க சில பேர் இன்னும் அப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. பாரா, லத்தி, மாமூல், மப்டி எல்லாம் இதே கூட்டத்துல ஒட்டிகிட்டு வந்தது. மாமூல்ங்கற அரபிச் சொல்லுக்கு வழக்கமானதுனுதான் அர்த்தம், 'மாமூல் வாழ்க்கை பாதிப்பு'ல அது இன்னும் அப்பாவியா இருக்கு, 'மாமூல் வாங்கறாங்க'ல வந்தா வேற ஆளு. ரோந்து பாக்க அசல் தமிழ் மாதிரி இருக்கும், அதுவும் ரவுண்டோட சொந்தக்காரன்தான். ஏட்டு சும்மா 'ஹெட்' தான், ஹெட் கான்ஸ்டபிள், ஆனா அதுகூட ஒரு 'அய்யா' சேத்து ஏட்டய்யானு ஆக்கி ஊருக்குள்ள சேத்துகிட்டோம். காக்கிய மட்டும் காக்கறதோட முடிச்சுப் போடாதீங்க, பாரசீகத்துல காக்னா புழுதி, புழுதி நிறத் துணி, அவ்ளோதான்.

இப்ப 'காவல்'.

எனக்கு இந்தச் சொல் மேல ஒரு தனி ஒட்டுதல் உண்டு, அதுக்குக் காரணம் என் தாத்தா. வரகம்பாடி பக்கம் ஒரு மாந்தோப்ப வருஷா வருஷம் குத்தகைக்கு எடுப்பாரு, சேர்வராயன் மலைக்குக் கீழ இருக்கற தோப்பு, மல்கோவா, பெங்களூரா, இமாம்பசந்துனு கலந்து நிக்கும். பூ உதிந்து பிஞ்சு புடிச்சதும் தாத்தா 'காவலுக்கு'ப் போயிருவாரு, ரெண்டு மாசம் வீட்டுக்கு சோத்துக்கு மட்டும்தான் வருவாரு, சில நாள் அதுவும் தூக்குல நாங்க கொண்டு போவோம். ஒரு கீத்துக் கொட்டாய், கயித்துக் கட்டில், அஞ்சு கட்டை டார்ச், கட்டில் கால்ல கயிறு கட்டி அந்தக் கயித்த ஒரு மரத்துல தொங்கற தகர டின் வரைக்கும் இழுத்திருப்பாரு. ராத்திரி சத்தம் கேட்டா எழுந்திரிக்கவே மாட்டாரு, படுத்துகிட்டே கயித்த இழுப்பாரு, டின் கடகடனு அடிக்கும், வௌவால் கெளம்பும், பசங்க வந்திருந்தா வேலிய தாண்டி ஓடுவாங்க. நான் ஒருநாள் கேட்டேன், "ஏன் தாத்தா தொரத்திப் புடிக்க மாட்டேங்கறீங்க?" "புடிச்சா அடிக்கத்தான் தோணும். ஓடிட்டான்னா காய் மரத்துல இருக்கும்ல, எனக்கு அது போதும்"னாரு.

எனக்கு காவலுக்கும் போலீஸுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கட்டில்ல இருந்துதான் புரிஞ்சுது. காவல்னா நஷ்டம் நடக்கறதுக்கு முன்னாடி அங்க ஒருத்தர் இருக்கறது. போலீஸ்னு நம்ம சொல்லும்போது நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற ஆள நெனைக்கறோம். அதனாலதான் தோப்புக்குக் காவல், காட்டுக்குக் காவல், கல்யாண வீட்டுல நகைக்குக் காவல், ஊருக்குக் காவல் முனியப்பன். சேலத்துல எந்தப் பக்கம் போனாலும் ஒரு முனியப்பன் பெரிய மீசையும் அருவாளுமா உக்காந்திருப்பாரு, ராத்திரி தனியா வர்றவங்க அவரக் கும்பிட்டுட்டு தைரியமா போவாங்க. அவரு காவல் தெய்வம். அருவாள் வச்சிருக்கற அவரப் பாத்து நமக்குப் பயம் வரல, நம்ம பக்கம் இருக்காருங்கற நெனப்பு வருது.

பழந்தமிழ்ல இன்னும் மேல போகும். காவலன்னா ராஜா. குறள்ல 'காவலன் காவான் எனின்'னு வர்ற எடத்துல, காக்க வேண்டியவன் காக்கலனா பசு பால் கொறையும், படிச்சவன் நூல மறப்பான்னு கொடுங்கோன்மை அதிகாரத்துல சொல்றாரு. ராஜாவுக்குப் பேரே அவன் செய்ய வேண்டிய வேலைதான். அந்தச் சொல் இன்னைக்கு எங்க வந்து நிக்குதுனு பாருங்க: இரண்டாம் நிலைக் காவலர். டிபார்ட்மென்ட்ல கீழ்ப்படி. செக்போஸ்ட்ல மழைய சொல்லி அனுப்பின அந்தத் தம்பி. சொல் கீழ எறங்கிருச்சுனு சிலர் வருத்தப்படுவாங்க, எனக்கு அப்படித் தோணல. ராஜா போயிட்டார், அவரோட வேலை மட்டும் மிச்சம் இருந்துச்சு, அத ராத்திரி செவ்வாப்பேட்டை வெள்ளிக்கொலுசு பட்டறைத் தெருவுல ரோந்து போய் நோட்டுல கையெழுத்து போடற ஆளுகிட்ட குடுத்திருக்கோம். பேர் சரியான எடத்துக்குத்தான் போயிருக்கு.

எப்படிப் போச்சு? மெட்ராஸ் ஆட்சிமொழிச் சட்டம் 1956ல வந்து தமிழ் ஆட்சிமொழியாச்சு, அப்புறம் ஆபீஸ் சொல் ஒவ்வொண்ணா தமிழாகி காவல் துறை, காவல் நிலையம், ஆய்வாளர், உதவி ஆய்வாளர்னு பலகையில ஏறுச்சு. தமிழ்ல கலைச்சொல் உருவாக்கற வேலைக்கு சேலத்துக்கு அதுக்கும் முந்தின உறவு ஒண்ணு உண்டு, ராஜாஜி இங்க வக்கீலா இருந்த காலத்துல 1916லயே அறிவியல் சொல்லுக்குத் தமிழ் தேடறதுக்காக ஒரு சங்கம் ஆரம்பிச்சவரு. இந்தப் பதவிப் பேர்கள்ல எனக்குப் புடிச்சது எஸ்.பி.யோட தமிழ்: கண்காணிப்பாளர். ஏன்னா இதோட அண்ணன் தம்பி ஏற்காட்டுல இருக்கான். காபி எஸ்டேட்ல ஆளுங்களுக்கு மேல நின்னு வேலை வாங்கறவர் கங்காணி. கண் காணி, கண்காணி, கங்காணி. இந்த மலைப் பழங்குடிகளான மலையாளிகளோட (கேரளாக்காரங்க இல்ல) ஊர்கள்லயும் பட்டக்காரர், மூப்பனோட இந்தக் கங்காணியும் ஊர்ப் பொறுப்புல ஒருத்தரா இருந்திருக்காரு. தமிழ் பைபிள்லயும் பிஷப்புக்குக் கண்காணினுதான் போட்டிருக்கு. ஒரே சொல், ஒரு பக்கம் மலையில கூடைய எடை போடறவர், ஒரு பக்கம் சபைக்கு மூத்தவர், ஒரு பக்கம் மாவட்டத்துக்கே எஸ்.பி. காபி பழம் பறிக்கற அம்மாகிட்ட போய் 'காவல் கண்காணிப்பாளர்'னு சொன்னா அவங்களுக்கு மொதல்ல ஞாபகம் வர்றது எஸ்டேட் கங்காணியாத்தான் இருக்கும்.

வனத்துறையிலயும் இதே வேர்தான். வாட்சர் வனக்காவலர், கார்டு வனக்காப்பாளர். ஹாஸ்டல் வார்டன் விடுதிக் காப்பாளர். காப்பாளர் எப்பவும் காவலருக்கு ஒரு படி மேல, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது, ஆனா காதுக்கு அப்படித்தான் கேக்குது.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, நான் இந்தக் கட்டுரை எழுதறதுக்கே அதுதான் காரணம். காவலுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. அடைச்சு வைக்கறது. பழைய தமிழ்லயே இருக்கற அர்த்தம், புதுசா வந்ததில்ல, காக்கறதும் கட்டி வைக்கறதும் ஒரே கையோட வேலைனு மொழி எப்பவோ பாத்திருக்கு. இப்ப சட்டத் தமிழ்ல கஸ்டடிக்குக் காவல்தான். அதனால 'காவலர் காவலில் வைத்தார்'னா பாதுகாப்பா வச்சாரா, லாக்கப்ல வச்சாரானு வாக்கியத்த வச்சு சொல்ல முடியாது, நெலமைய வச்சுத்தான் சொல்ல முடியும்.

டிவியில வர்ற ரெண்டு வார்த்தைய நெறைய பேரு குழப்பிக்கறாங்க, அதத் தெளிவாச் சொல்லிடறேன். யாரையும் அரெஸ்ட் பண்ணா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் தவிர. இது அரசியல் சட்டத்துலயே இருக்கற விஷயம். அங்க மாஜிஸ்திரேட் '15 நாள் நீதிமன்றக் காவல்'னு போட்டா அந்த ஆள் ஜெயிலுக்குப் போறாரு, ஸ்டேஷனுக்கு இல்ல, ஜெயில் வேற டிபார்ட்மென்ட், அங்க இருக்கறவங்க சிறைக் காவலர்கள். 'போலீஸ் காவல்'னு போட்டா மட்டும்தான் விசாரிக்கறதுக்கு ஸ்டேஷன் ஆளுங்க கையில குடுக்கறாங்க, அது மொத்தமா 15 நாளுக்கு மேல போகக்கூடாது. பழைய சட்டத்துல அந்த 15 நாள் மொதல் 15 நாளுக்குள்ளயே முடிஞ்சிரணும், 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல அதப் பிரிச்சுப் பிரிச்சு மொதல் 40 நாள்லயோ பெரிய கேஸா இருந்தா 60 நாள்லயோ கேக்கலாம். 'நீதிமன்றக் காவல்'னு நியூஸ்ல கேட்டதும் கோர்ட்ல பாதுகாப்பா உக்கார வச்சிருக்காங்கனு எங்க பக்கத்து வீட்டு அம்மா ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தாங்க. அவங்க மேல தப்பு இல்ல, சொல் அப்படி இருக்கு.

அந்த ரெண்டாவது அர்த்தம் எவ்ளோ கனம்னு தெரியணும்னா நம்ம பக்கத்து வரலாறே போதும். வெள்ளக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம்னு 1871ல கொண்டாந்து 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் நீட்டினான், நம்ம ஜனங்க வாய்ல அது ரேகைச் சட்டம், பொறந்த சாதிய வச்சே கைரேக எடுத்து ராத்திரி ஆஜர் போட வைக்கற சட்டம். 1947ல இங்க ரத்தாச்சு. இன்னைக்கும் அந்தச் சட்டத்துல இருந்து விடுபட்ட சாதிகளோட சீர்மரபினர் பட்டியல எடுத்துப் பாத்தா சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர்னு எங்க ஊர் பேரோடவே இருக்கும். சலுகைக்காக இருக்கற பட்டியல்தான், ஆனா அந்தப் பேரு அதுல ஏறினது எந்தக் கணக்குலனு நெனைச்சா சும்மா தாண்டிப் போக முடியல. அப்புறம் வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டம்னாலும் சித்தேரி மலை எங்களுக்குப் பக்கம், பேச்சு வழக்கும் ஒண்ணுதான். 1992 ஜூன் 20ல சந்தனக்கட்டை தேடறோம்னு போய் அந்த மலையாளி கிராமத்துல நடத்தின கொடுமைக்கு 269 பேர் மேல வழக்கு, வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. தீர்ப்பு வர்றதுக்குள்ள 54 பேர் செத்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளினு 2011 செப்டம்பர் 29ல தீர்ப்பு, சரியா 12 வருஷம் கழிச்சு 2023 செப்டம்பர் 29ல ஹைகோர்ட் அத உறுதி பண்ணுச்சு. மூணு டிபார்ட்மென்ட் ஆளுங்களோட தமிழ்ப் பதவிப் பேரையும் எழுதிப் பாருங்க, ரெண்டுல காக்கற வேர் வரும். பேர மாத்தினது போதும்னு நம்ம விட்டுறக்கூடாதுனு நான் சொல்றது இதனாலதான்.

படைக்கும் துறைக்கும் உள்ள வித்தியாசமும் இதுல சேரும். ஃபோர்ஸ்னா படை, ஆனா தமிழ்ல பொதுப் போலீஸுக்குக் காவல் படைனு வைக்காம காவல் துறைனு வச்சாங்க, அது நல்ல முடிவு. படைனு இருக்கறது தனித்தனி பிரிவு: ஆயுதப்படை, தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, ஊர்க்காவல் படை. மேட்டூர், கொளத்தூர் பக்கம் போய் படைனு சும்மா சொன்னாக்கூட அதிரடிப்படைனுதான் எடுத்துப்பாங்க, வீரப்பனத் தேடி வந்த ஆளுங்க, அவன் செத்த 2004 அக்டோபர் 18 வரைக்கும் அந்த மலையடிவாரம் முழுக்க அவங்கதான். எதிரினு ஒருத்தன் இருந்தாத்தான் படைக்கு வேலை. எதிரி யாருனு தேடற மனசோட ஊருக்குள்ள வந்தா ஊர்ல எல்லாரும் சந்தேகப் பார்வையிலதான் தெரிவாங்க. துறைனா அப்படி இல்ல, தண்ணி குடுக்கற துறை, பத்திரம் பதியற துறை மாதிரி நம்ம போய்க் கேக்கலாம்.

கேக்கப் போன அனுபவமும் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி என் வண்டி திருட்டுப் போச்சு. ஒரு ஸ்டேஷனுக்கு மூணு தடவ நடந்தேன், அய்யா இல்ல, ரைட்டர் இல்ல, நாளைக்கு வாங்கனு. நாலாவது தடவ ஒரு சி.எஸ்.ஆர். ரசீது குடுத்து அனுப்பினாங்க, நான் அதுதான் எஃப்.ஐ.ஆர்.னு நெனச்சு சந்தோஷமா வந்தேன். இன்சூரன்ஸ்ல தூக்கிப் போட்டுட்டாங்க. சி.எஸ்.ஆர்.ங்கறது மனு வாங்கினதுக்கு அடையாளம், சமுதாயப் பணிப் பதிவேடுனு தமிழ். எஃப்.ஐ.ஆர்.தான் முதல் தகவல் அறிக்கை, அதுல இருந்துதான் கேஸே ஆரம்பிக்குது, திருட்டு மாதிரி குற்றம்னு மனுவுலயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லியிருக்கு. இந்த ரெண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாததால எனக்குப் போனது ரெண்டு மாசம். தெரிஞ்ச சொல்லோட போய் நின்னா பதில் வேற மாதிரி வருது, அஞ்சாவது தடவ நான் அதப் பாத்தேன்.

சேலத்துக்கே உரிய இன்னொரு குழப்பம், வெளியூர்க்காரங்களுக்கு உதவும். 'டவுன் ஸ்டேஷன்'னு சொன்னா இங்க ரெண்டு உண்டு, சேலம் டவுன் ரயில்வே ஸ்டேஷன், டவுன் போலீஸ் ஸ்டேஷன். சூரமங்கலத்துல இருக்கற பெரிய ஸ்டேஷன ஜங்ஷன்னு சொல்லிருவோம், அதனால வெறும் 'டேசன்'னு வந்தா பெரும்பாலும் அது போலீஸ்தான், "டேசன் வரைக்கும் போயிருச்சு விஷயம்"னா ரயில் ஏறப் போகலனு அர்த்தம். இதே மாதிரி 'மகளிர்'. 1973ல தமிழ்நாட்டுல பொண்ணுங்கள போலீஸுக்கு எடுக்க ஆரம்பிச்சு, 1992ல சென்னையில மொதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொறந்தாங்க. இன்னைக்குப் பேச்சுல நிலையமும் இல்ல காவலும் இல்ல, "மகளிர்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டா"னா போதும். புது அர்த்தத்தோட ஒரு தமிழ்ச் சொல் ஜனங்க வாய்ல தானா நின்னது எனக்குத் தெரிஞ்சு இந்த ஏரியாவுல இது ஒண்ணுதான். ஏன் நின்னுச்சுனா பொண்ணுங்க அங்க போய் வந்தாங்க, வேலை நடந்துச்சு, தேவைப்பட்ட எடம், பேரும் ஒட்டிகிச்சு.

காவலர் மட்டும் ஏன் இன்னும் வாய்ல ஒட்டலங்கறதுக்கு என் கணிப்பு இதுதான். அந்தச் சொல்லுக்கு தோப்புலயும் கோயில்லயும் ஏற்கெனவே ஆளு இருக்கு, அந்த எடத்துக்கு வர்ற புது ஆள ஜனங்க மெதுவாத்தான் உள்ள விடுவாங்க. 1996ல சுப்ரீம் கோர்ட் டி.கே. பாசு வழக்குல அரெஸ்ட் பண்ற ஒவ்வொரு போலீஸ்காரரும் பேரும் பதவியும் தெளிவாத் தெரியற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும்னு சொன்னது வெறும் சம்பிரதாயம் இல்ல. நெஞ்சுல பேர் தெரிஞ்சா 'நிக்குது' போய் 'நிக்கறாரு' வரும். அடிவாரத்துல அந்தத் தம்பியோட பேட்ஜ நான் படிச்சேன், அதனாலதான் இந்தக் கட்டுரை முழுக்க அவர 'அவர்'னு எழுத வருது.

அன்னைக்கு மேல அண்ணா பூங்காவுல மலர்க்காட்சிக் கூட்டத்துல ஒரு பாட்டி பேரனக் காணோம்னு தவிச்சிட்டு இருந்தாங்க. பக்கத்துல இருந்தவங்க "அந்தா போலீஸ் நிக்குது, போய் சொல்லும்மா"னு சொன்னா பாட்டி கால் நகரல. "போலீஸுகிட்டயா"னு ரெண்டு தடவ கேட்டாங்க. கடைசியில நாங்கதான் கூட போனோம். ஒரு லேடி கான்ஸ்டபிள், அவங்களும் சின்ன வயசு, மைக்ல சொல்லிட்டு அவங்களே கூட்டத்துக்குள்ள போய் அரை மணி நேரத்துல பையன இடுப்புல தூக்கிட்டு வந்தாங்க, அவன் கையில பாதி தின்ன மொளகா பஜ்ஜி, அவங்க காக்கிச் சட்டை தோள்பட்டையில எண்ணெய்.

சாயங்காலம் ஒண்டிக்கடைகிட்ட டீ குடிக்கும்போது அந்தப் பாட்டி பஸ்ஸுக்கு நின்னுகிட்டு பக்கத்துல இருந்த அம்மாகிட்ட முழுக் கதையும் சொல்லிட்டு இருந்தாங்க. "ஒரு போலீஸ்காரப் புள்ள, பாவம், மூச்சு வாங்க ஓடி அதுதான் தூக்கிட்டு வந்துச்சு." நான் டீய வச்சுட்டு மச்சானப் பாத்தேன். அதே 'வந்துச்சு' தான். ஆனா வீட்டுப் புள்ளைங்களச் சொல்றப்ப நம்ம வாய்ல வருமே, பாப்பா வந்துச்சு, பாப்பா சாப்ட்டுச்சுனு, அந்த 'வந்துச்சு'.